புது வண்டியின் கோளாறு

வண்டி பழுது பார்க்கும் கந்தவேலுக்கு அன்றைக்கு அது ஆறாவது வீடு. மத்தியானச் சாப்பாடு இன்னும் பையிலேயே இருந்தது.

"நான் போனா வண்டி நின்னது நின்னபடியே நிக்குதுங்க. பாத்திரம் தேய்க்கிற ரங்காத்தா பக்கத்துல வந்தா மட்டும் பொசுக்குன்னு இறங்குது," என்றார் வண்டியின் சொந்தக்காரர் தெய்வசிகாமணி.

கந்தவேல் நெருங்கினார். நான்கு சக்கரத்திலும் காற்று சீற, அந்தப் பெரிய வண்டி அவருக்கும் தாழ்ந்தது.

சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளில் கசிவு இல்லை. நடையைப் பார்த்தே முழங்கால் வலிக்காரர்களைக் கண்டுகொண்டு இறங்கும்படி கம்பெனியே அதைப் பழக்கியிருந்தது. விவரத்தைச் சொன்னார்.

"கண்டவங்களுக்கெல்லாம் குனியறதுக்கா வாங்குனேன்? எடுத்து விட்டுருங்க."

கந்தவேல் தரையில் உட்கார்ந்து, வண்டியின் கணினியிலிருந்து அந்தப் பழக்கத்தை அழித்தார். சக்கரத்தைப் பிடித்து எழ இரண்டு முறை முயன்றார். வண்டி இறங்கவில்லை.

"சரியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க," என்றார் கந்தவேல், உட்கார்ந்தபடியே.