சத்தம் சரியில்ல

“மத்ததெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சத்தந்தான் சரியில்ல” என்றார் மலைச்சாமி. ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் நிற்பவர்போல முகம் வாடியிருந்தது.

பூம்பாறையில், உருளைக்கிழங்குத் தோட்டத்து மேட்டில், தகரக் கொட்டகைக்குள் நின்ற அந்த மோட்டார் சைக்கிளைச் சேனாதிபதி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பதினாறு வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவர். புல்லட், ஜாவா எல்லாம் அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அத்துப்படி. ஆனால் இரண்டு சிலிண்டரும் விரித்த இரண்டு விரல்போல நிற்கும் இந்த அமெரிக்கா வண்டியை அவர் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

“ஏதுங்க இது?”

“எஸ்டேட் தொர சீமைக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனாரு. பன்னெண்டு வருசமாச்சு. போன மாசம் வரைக்கும் வேட்டு வேட்டா நல்லாத்தான் வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பதான் இப்படி ஆயிப்போச்சு.”

சேனாதிபதி கிக்கரை உதைத்தார். நாலாவது உதையில் வண்டி ஒரு இருமல் இருமியது. பிறகு முன் சிலிண்டர் மட்டும் தடதடத்தது. பின்னது செத்துக் கிடந்தது. சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் முழ நீளத்துக்கு ஒரு மொட்டைக் குழாய். ஒரு சிலிண்டருக்கே அவருக்குக் காது அடைத்துக்கொண்டது.

“இத வச்சுக்கிட்டா இத்தன நாள் இருந்தீங்க?”

“என்னங்க செய்ய? இந்த ஒரு மாசமா ஊரே கஷ்டப்படுது.”

ஊரே கஷ்டப்படுகிறது என்ற வார்த்தை சேனாதிபதியின் நெஞ்சில் போய்த் தைத்தது. கைக்குழந்தைகள், வயசாளிகள் எல்லாரையும் நினைத்துக்கொண்டார்.

“டெய்லி எவ்வளவு ஓட்டுவீங்க?”

“வெள்ளனே ஒருக்க, பொழுது சாய ஒருக்க. தெனமும் ஓட்டியாகணுமே.”

“எது வரைக்கும்?”

“அந்தா தெரியுதே காட்டோரம், அது வரைக்கும்.”

தினமும் ஓட்டுகிற வண்டிக்குச் சங்கிலி எப்படி இவ்வளவு துருவேறியது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, இந்த மலைப் பனி எதைத்தான் விட்டுவைத்தது என்று விட்டுவிட்டார்.

“வெரசா முடிச்சுக் குடுத்திருங்க. கெழங்கு வெட்ட இன்னும் இருவது நாளுதான் கெடக்கு.”

“ஒங்க வண்டிய ராஜா மாதிரி ஆக்கிக் குடுக்கறேன், பாருங்க.”

வண்டி பூண்டு லாரியில் ஏறிக் கொடைக்கானலுக்கு வந்தது. எட்டு நாள் சேனாதிபதி வேறு சோலியைத் தொடவில்லை. பின் சிலிண்டரைத் திறந்து கரியைச் சுரண்டினார். வால்வைத் தேய்த்து உட்காரவைத்தார். மதுரைக்கு ஆள் அனுப்பிப் பிளக் வாங்கினார், கார்புரேட்டரைப் பெட்ரோலில் அலசினார், டயருக்குக் காற்றடித்தார். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து வெடித்தபோது பட்டறைத் தகரமே அதிர்ந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. தகடு வெட்டி, உள்ளே இரண்டு அடுக்குத் தடுப்பு வைத்து, நார் திணித்து, தன் கையாலேயே இரண்டு சைலன்சர் பற்றவைத்தார். சத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததென்று இரண்டு தடவை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தார். மூன்றாம் தடவை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து டீக்கடை ரேடியோவில் மாநிலச் செய்தி தெளிவாகக் கேட்டது. அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் அவரே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில், வளைவு ஒன்றில், தனிக் காட்டெருமை ஒன்று சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. சேனாதிபதிக்கு உயிரே போய்விட்டது. வேறு வழியில்லாமல் பத்தடி தூரத்தில் கடந்து போனார். அது தலையைக்கூடத் தூக்கவில்லை. இதற்கு மேல் என்ன சர்டிபிகேட் வேண்டும் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

பூம்பாறையில் தோட்டத்து மேட்டில் ஊரே திரண்டு நின்றது. மலைச்சாமியின் மனைவி பாப்பம்மாள் ஓடிவந்து முன் விளக்குக்குச் சந்தனம் வைத்தாள், பொட்டும் வைத்தாள்.

“ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே, கேப்போம்” என்றாள்.

“ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கு!” என்று சிரித்தார் சேனாதிபதி. இந்தப் பாராட்டுக்காகத்தான் எட்டு நாள் உழைத்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் டேங்கில் காதை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மலைச்சாமி ஆக்சிலேட்டரைப் பிடித்து முழுசாக முறுக்கினார். வண்டி பால் குடித்த பூனைபோல உறுமியது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“போச்சு! எல்லாம் போச்சு!”

“என்னங்க போச்சு? ரெண்டு சிலிண்டரும் கடியாரம் மாதிரி வேல செய்யுது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க!” சேனாதிபதி கோபத்தில் இரைந்தார்.

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க.”

“தெனமும் ரெண்டு தடவ காட்டோரம் வரைக்கும் ஓட்டுறேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

பாப்பம்மாள் சந்தனக் கிண்ணத்தை மூடினாள்.

“அவுக சொன்னது காட்டுப்பன்னிய ஓட்டுறதண்ணே!”