குறை இல்லாத பெட்டி

“எல்லாரும் கைதட்டுங்கப்பா!” என்றார் மேனேஜர்.

குறைப் பெட்டியின் பூட்டைத் திறந்து, கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டும் தட்டிக் காட்டினார். ஒரு துண்டுச் சீட்டுகூட விழவில்லை. நாற்பது பேரும் தட்டினார்கள். தட்டாதவன் பெயர் ‘எதிர்மறை ஆள்’ பட்டியலில் ஏறிவிடும்.

“பார்த்தீங்களா மேடம், ஆறு மாசமா ஒரு புகார் கிடையாது. அவ்வளவு சந்தோஷமா வெச்சிருக்கேன்.”

முதலாளியம்மா தலையாட்டினார். கடைசி வரிசையில் நின்ற வெல்டர் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற பெயிண்டர், வெல்டரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. இரும்பு அலமாரிகளுக்குப் பெயிண்ட் பீய்ச்சும் அறையில் வேலை. புகையை வெளியே தள்ள அங்கே ஒரு விசிறி கிடையாது. அன்றைக்கு அலமாரிக்கு என்ன நிறமோ, அவன் துப்பும் சளிக்கும் அதே நிறம்.

“அடக்கிக்க மாப்ள, இருமித் தொலைச்சிடாதே” என்று முணுமுணுத்தார் வெல்டர்.

“அடங்குனா நான் ஏன் மாமா இருமறேன்?”

அந்தப் பெட்டியைச் செய்ததே வெல்டர்தான். தொழிலாளர்களை உற்சாகமாக வைத்திருப்பது எப்படி என்று இரண்டு நாள் குளுகுளு அறையில் பாடம் கேட்டுவிட்டு வந்த மேனேஜர், ஒரு தாளில் படம் கிறுக்கிக் கொடுத்தார். நீளம், அகலம், உயரம், கீல், பூட்டு. வெல்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இதுல ஒரு சந்தேகம்...”

“உன்கிட்ட யோசனை கேட்டேனா? நான் படிச்சவன்யா. படத்துல இருக்கறது இருக்கணும், இல்லாதது இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

சந்தேகம் கேட்ட பாவத்துக்கு ஒரு வாரம் வெயிலில் பழைய இரும்பு பொறுக்க விட்டார்கள். அப்புறம் வெல்டர் வாயைத் திறக்கவில்லை. படத்தில் இருந்தபடியே, ஒரு நூல் பிசகாமல் செய்து சுவரில் மாட்டினார். மற்றவர்களும் பார்த்தார்கள். இரும்பு பொறுக்க ஆசைப்பட்டு யாரும் கேள்வி கேட்கவில்லை.

முதலாளியம்மா கையிலிருந்த, புதிதாக வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலைப் புரட்டினார். “பெயிண்ட் ரூமுக்கு விசிறி வேணும்னு பழைய சூப்பர்வைசர் எழுதியிருக்காரே?”

“அது அவராக் கிளப்பி விட்டது மேடம். வேணும்னா பெட்டியில போட்டிருப்பாங்கல்ல? அதுக்குப் பதிலா என் ரூமுக்கு இன்னொரு ஏசி...”

“சரி, விசிறியை அடிச்சிடறேன்.”

பேனா தாளைத் தொட்டது. பெயிண்டரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. குடலே வாய்க்கு வந்துவிடும்போல இருமினான். சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்று நழுவி விழுந்தது.

முதலாளியம்மா எழுந்து வந்து அதை எடுத்தார். மடிப்பெல்லாம் இற்று, வியர்வையில் மை கலங்கிப்போயிருந்தது. ‘பெயிண்ட் ரூமுக்கு விசிறி வேண்டும். மூச்சு விட முடியவில்லை.’ மேலே ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி.

மேனேஜர் பாய்ந்து வந்தார். “எழுதத் தெரியுது, போடறதுக்கு என்னய்யா கேடு? பார்த்தீங்களா மேடம், எவ்வளவு நல்லது செஞ்சாலும் இவனுங்க புத்தி இதுதான்!”

முதலாளியம்மா கையமர்த்திவிட்டுப் பெயிண்டரைப் பார்த்தார். “ஆறு மாசமா பையிலயே வெச்சிருக்கியே. பெட்டியில போடப் பயமாப்பா?”

“பயமெல்லாம் இல்லைங்கம்மா.”

பெயிண்டர் திரும்பி மாமாவைப் பார்த்தான். ‘சொல்லு’ என்பதுபோல வெல்டர் தலையசைத்தார்.

“பெட்டியில ஓட்டையே இல்லைங்க.”