முக்கில் கட்டிய பேனர்

ஓடைப்பட்டி முக்கில் முனீஸ்வரி நாற்காலி மேல் ஏறி நின்று, புருசன் வைத்த திருவிழா பேனரை அவிழ்க்கிறாள். வெயிலில் மினுங்கும் பேனருக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கும்பிடுகிற விஜய்பாண்டி, நேரில் மூச்சிரைக்க ஓடி வருகிறான். “எறங்குடி, ஊரே பாக்குது!” “பாக்கட்டும். திராட்சை வித்த காசுலதான் வருசம் பூரா குடும்பம் ஓடுது. பிள்ளைக்குக் கடுங்காப்பியக் குடுத்து, வீட்டு ஓடு மாத்த மிச்சம் பிடிச்சேன். அதை எடுத்து ஒன் மூஞ்சிய அடிச்சு வச்சிருக்க.” முடிச்சு இறுகிக் கிடக்கிறது. பல்லால் கடித்து இழுக்கிறாள். மேற்கு மலையில் மழை இருட்டுகிறது. பேனர் சரசரவென்று சரிகிறது. அதைச் சுருட்டி அவன் தோளில் போடுகிறாள். “ஒழுகுற எடத்துல ஏறி விரி. மழையப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டு அங்கன கெட.”