ரெண்டு கிளாஸ் கோகுல்

இரண்டாவது கிளாஸைக் கீழே வைத்த கையோடு கோகுல்நாத் மேசையில் கவிழ்ந்துவிட்டான்.

"அட கருமமே! இன்னிக்குமாடா?" நஞ்சப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இருவரும் மீனாட்சிபுரத்துக் கள்ளுக்கடைக்கு வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு பாட்டில், தொட்டுக்கொள்ளக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும். வாரம் பூராவும் மாடுகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வேறென்ன சுகம்? அதையும் இந்தப் பயல் கெடுக்கிறான். நஞ்சப்பனுக்கு இப்போதுதான் சுருதி ஏற ஆரம்பித்திருந்தது.

"சுப்பாத்தாக்கா, எனக்கு இன்னொரு பாட்டல் குடுங்க."

சமையல்கட்டிலிருந்து சுப்பாத்தாள் எட்டிப் பார்த்தாள். "குடுக்கறதுக்கென்னங்க தம்பி? அப்பறம் இவரை ஆரு ஊட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்கறது?"

கோகுல் தலையைத் தூக்கினான். "நஞ்சப்பா... நான் எங்கம்மாகிட்டப் போகோணும்..."

"பால்குடிக் கொழந்தையாட்டம் அழுவறான் பாருங்க! ரெண்டு கிளாசு தாங்காதவனெல்லாம் எதுக்குக் கள்ளுக்கடைக்கு வர்றான்?"

பைக்கில் உட்காரவைத்தால் சரிந்து விழுவான். வேறு வழியில்லாமல் ஷஹீரின் ஆட்டோவைக் கூப்பிட்டான். பைக் கடை வாசலிலேயே நின்றது. எட்டு மாசமாக வாராவாரம் இதே கூத்துதான்.

கோகுலை இறக்கிவிட்டு நஞ்சப்பன் தன் வீட்டுக்கு வந்தபோது, நர்மதா கதவைத் திறந்ததும் முதலில் புருஷனின் காலைத்தான் பார்த்தாள். போன வருஷம் போதையில் பைக்கோடு வாய்க்காலில் விழுந்து, கம்பி வைத்த கால். "இன்னொருக்கா அப்படி வந்தீங்கன்னா, புள்ளையத் தூக்கிட்டு எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்று அவள் சொன்னது சும்மா மிரட்டலில்லை.

"நிதானமாத்தான் வந்திருக்கறீங்க," என்றாள் நிம்மதியாக.

"எங்க குடிக்க உட்டான் அந்தப் பாவி!"

மறுநாள் காலையில் பைக்கை எடுக்கப் போனான். சுப்பாத்தாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வர்ற ஞாயித்துக்கெழமை நான் மட்டுந்தான் வருவேன். அந்தச் சோப்ளாங்கி சகவாசமே நமக்கு வேண்டாமுங்க."

சுப்பாத்தாளின் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, வடித்த கஞ்சித்தண்ணியை ஒரு காலிக் கள்ளு பாட்டிலில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். பார்த்தால் அசல் கள்ளு மாதிரியே இருந்தது.

"இதத்தானுங்க தம்பி, எட்டு மாசமா கோகுல் தம்பி இங்க உக்காந்து குடிக்குது."

நஞ்சப்பன் பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"நீங்க ஆசுபத்திரியில கெடந்தப்பவே வந்து சொல்லிப்போட்டுப் போச்சுங்க. 'போதும்டான்னு சொன்னா அவன் கேக்க மாட்டானுங்கக்கா. நான் உழுந்தாத்தான் அவன் எந்திரிப்பான்'னு."