பலகையில் குழந்தைகள் வரி

எங்கள் ஊர் நுழைவாயிலில் மக்கள்தொகைப் பலகை ஒன்று நிற்கிறது. ஒருவர் ஊரைவிட்டே போக மனதில் முடிவெடுத்ததும் அவரையும், அவர் கூட்டிப்போக நினைப்பவர்களையும் கழித்துவிடும். அதன் கணக்கு தப்பியதே இல்லை. பள்ளிக்கூடம் மூடிய எங்கள் ஊரில் ‘குழந்தைகள்’ வரியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, என் மகள் நிறைமதி.

இன்று காலை அங்கே பூஜ்யம் இருந்தது. ஆண்களிலும் ஒன்று குறைந்திருந்தது. பெண்கள் வரி மட்டும் மாறவில்லை.

பலகைக்குப் பக்கத்தில் பஸ் வந்து நின்றது. மகளின் கையைப் பிடித்திருந்த என் கணவர் இசக்கிராஜ், “பிள்ளைக்குப் பல்ல டாக்டர்ட்ட காட்டிட்டு சாயந்தரம் வந்துருதோம்,” என்றார்.

“நானும் வாரேன்.”

“நீ எதுக்கு? வீட்டப் பாத்துக்கோ.”

பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவர் கை தானாக விட்டது. குழந்தைகள் வரி ஒன்றானது.

ஆண்கள் வரியைப் பார்த்தேன். அது ஏறவே இல்லை.

“போங்க,” என்றேன். “பஸ் நிக்குதுல்லா.”