ரகசிய ஓட்டு

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க எம்.பி.க்கள் மூன்றாம் முறையாகக் கூடியும் ஆளுங்கட்சி வேட்பாளர் ஜெயிக்க ஒரு ஓட்டு குறைந்தது. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் போடாதது யாரென்று தெரியவில்லை; பழி ஆளுங்கட்சி எம்.பி. தெயோபிலின் தலையில் விழுந்தது. நாடாளுமன்றக் கேண்டீனில் அவன் சீஸ் அடைத்துச் சுட்ட பிளச்சிந்தா ரொட்டித் தட்டோடு வந்து உட்கார்ந்தால் மேசையே காலியாகிவிடும்.

"யூதாஸு! நம்ம வேட்பாளர முதுகுல குத்திட்டியேடா!" என்றார் சபாநாயகரும் தற்காலிக ஜனாதிபதியுமான இலாரியோன்.

"எம் புள்ள மேல சத்தியமா நான் இல்ல தலைவரே! அரசியல் சட்டத்தைத் திருத்துங்க. எல்லாரும் கையைத் தூக்கி ஓட்டுப் போடட்டும். யாருன்னு தெரிஞ்சுடும்."

திருத்தம் அவைக்கு வந்தது. அதற்குக் கைதூக்கித்தான் வாக்களிக்க வேண்டும். தெயோபில் முதல் ஆளாகத் தூக்கினான்.

அதிலும் ஒரு கை குறைந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இலாரியோனின் இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன. புது ஜனாதிபதி வரும்வரைதானே அவருக்குப் பதவி!

மறுநாள் கேண்டீனில் எல்லோரும் இலாரியோனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தெயோபில் தனியாகத்தான் சாப்பிட்டான்.