சேலத்துக் காற்று

"டேங்க்ல கை வெச்சது யாருன்னு உங்க மிஷின் சொல்லுமா?" என்று கேட்டான் என் மகன் பாலகுமார்.

"யாருன்னு சொல்லாதுங்க. எங்கன்னு சொல்லும்," என்றாள் மேனகா.

ஏற்காட்டில் கார் வேலை தெரிந்த ஆட்கள் நாலு பேர் உண்டு. அதில் மேனகா ஒருத்திதான் முதலில் கேட்பாள், பிறகு ஸ்பேனரை எடுப்பாள். அவள் பட்டறையில் எங்கள் கார் நின்றது. அவள் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாளாக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. பாலகுமார் தொட்டதும் டேங்க் மூடி கையோடு வந்துவிட்டது.

மூடியை யாரோ திறந்திருக்கிறார்கள். சாவி இருப்பதோ டிரைவர் பெரியண்ணனிடம்.

"பன்னெண்டு வருசம் ஓட்டுனீங்க. மெக்கானிக் வாயால கேட்டுட்டு நீங்க உங்க ஊரு கொட்டச்சேட்டுக்கே கெளம்பிருங்க," என்று வரும் வழியிலேயே பாலகுமார் அவரிடம் சொல்லிவிட்டான்.

பெரியண்ணன் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார்.

மேனகா ஸ்கேனரைத் திருப்பிக் காட்டினாள். திரையில் பி சைபர் நாலு அஞ்சு அஞ்சு என்றிருந்தது.

"டேங்க்ல இருக்கற பெட்ரோல் ஆவியாகுமுங்க. அந்த ஆவிய வெளிய விடாம ஒரு கரி டப்பா புடிச்சு வெச்சு, இஞ்சினுக்கே அனுப்பீரும். நடுவுல எங்காச்சும் பெரிய ஓட்டை இருந்தா இந்த நம்பர் வரும்."

ஓஸ் ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று கொடுத்துப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வு சரி. கரி டப்பா சரி. மூடியின் ரப்பரை நகத்தால் அழுத்தினாள். புதுசு போலிருந்தது.

"வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க. மூடிய ஒழுங்கா மூடல, அவ்வளவுதான்."

"எங்கன்னு சொல்லும்னீங்களே?"

"பழுதைக் கண்டுபுடிச்ச நேரத்துல காத்தழுத்தம் எவ்வளவுன்னு வண்டி குறிச்சு வெச்சுக்குமுங்க. தொண்ணூத்தெட்டுன்னு இருக்குது. இப்ப இங்க எண்பத்தஞ்சு. மேல ஏற ஏறக் காத்தழுத்தம் கொறையுமுங்க, மலை மேல தொண்ணூத்தெட்டு வரவே வராது. வண்டி அப்ப கீழ சேலத்துல இருந்திருக்குது."

சொன்ன பிறகுதான் அவள் பெரியண்ணனின் முகத்தைப் பார்த்தாள். ஸ்கேனரைக் கவிழ்த்து வைத்தாள்.

பாலகுமார் விரலை மடக்கினான். "செவ்வாக்கெழம நான் கோயமுத்தூர் போயிருந்தேன். அன்னிக்கு வண்டிய எடுத்துட்டுப் போய் வாடகைக்கு ஓட்டியிருக்கீங்க. ஓட்டுன பெட்ரோலக்கூட திருப்பி ஊத்தியிருக்கீங்க, முள்ளு நகராம. நொம்ப கெட்டிக்காரருங்க நீங்க."

"சாவி எங்கிட்டத்தானுங்க இருந்துச்சு," என்றார் பெரியண்ணன்.

பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

நான் எழுந்தேன்.

"ஏங்கண்ணு, அந்த மூடிய எத்தன திருப்பு திருப்போணும்?"

"மூணு தடவ 'டிக்'குனு கேக்கற வரைக்குங்கம்மா," என்றாள் மேனகா.

"எனக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு. சேலத்துப் பெட்ரோல் பங்க்ல இருந்த புள்ள 'நான் மூடறேன் பாட்டி'ன்னுதான் சொன்னா. பாட்டின்னு சொன்னதுல எனக்கு ரோசம் வந்துருச்சு. எம்பட வண்டி, நானே மூடிக்கறேன்னு சொல்லிட்டேன்."

பட்டறையில் காற்று அடிக்கும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேனகா போய் அதையும் நிறுத்தினாள்.

"நீங்களா?" என்றான் பாலகுமார். "சேலத்துக்கு, தனியாவா?"

"போறப்ப இருபது வளைவு, வாறப்ப இருபது வளைவு. ரெண்டுக்கும் நான்தான். ஒருத்தருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பெரியண்ணங்கிட்டச் சாவி வாங்குனதும் நான்தான்."

"கண்ணு ஆபரேஷன் பண்ணி அஞ்சு மாசங்கூட ஆவல!"

"ஓட்டலாம்னு டாக்டரு சொல்லியே ரெண்டு மாசமாச்சு சாமி. நீதான் சொல்லல."

மேனகா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்கேனரை நிமிர்த்தினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது.

பாலகுமார் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதைப் பெரியண்ணனிடம் நீட்டினான். "மன்னிச்சுக்குங்க" என்பது அவன் வாயில் பாதிதான் வந்தது. அந்தப் பாதி எனக்குக் கேட்டது.

பெரியண்ணன் சாவியை வாங்கினார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டார்.

நான் ஏறியதும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பின் சீட்டில் போய் உட்கார்ந்து, பாலகுமாருக்கும் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.